பெயரில்லாத நூறு ஜிபி

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. அதுவாகப் படியேறி வந்தது. ஒல்லூரில் நான் குடியிருக்கும் மாடிக்குக் கீழே வீட்டுக்காரர்கள் டேவீஸும் ரோசிலியும் இருக்கிறார்கள். ஒரு திங்கட்கிழமை காலை, ரோசிலி பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிப் போனதும் டேவீஸ் மேலே வந்தான். நான் கொடுத்த, பால் சேர்க்காத கட்டன் சாயாவைக் குடிக்காமல் கையிலேயே வைத்து ஆறவிட்டான். நடந்ததையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டான். அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அவனிடம் சொல்லி அனுப்பியிருப்பேன், இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

கேள்வி என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இது உங்களை உட்கார வைக்கும் தந்திரம் இல்லை. நடந்தது தெரியாமல் கேள்வியை மட்டும் கேட்டால் யாரும் பட்டென்று பதில் சொல்லிவிடுவார்கள். நானும் முதலில் சொல்லிவிட்டேன். பிறகு திரும்ப வாங்கிக்கொண்டேன்.

2

தொடக்கம் சரியாக வரவில்லை. எழுதிப் பார்த்தவை இவை:

"கறுத்த திரையில் ஒரு சின்ன வெள்ளைக் கோடு துடித்துக்கொண்டிருந்தது, படுக்கையில் கிடக்கும் நோயாளியின்"

வேண்டாம். அது நோயாளி இல்லை, கம்ப்யூட்டர்.

"ஒரே பெட்டிக்குள் இரண்டு பேர். ஒருவர் விழித்திருக்கும்போது மற்றவர்"

இதையும் பாதியில் விட்டேன். அடுத்த வரியில் 'இல்லறம்' என்ற சொல் வந்துவிடும் என்று தெரிந்தது. ரோசிலிக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஆனால் யாராவது படித்துச் சொன்னால், "மாடியில இருக்கறவருக்கு வேற வேலை இல்லையா?" என்று கேட்பாள். ஆகவே நேராகவே சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் இருப்பது ஒரு கம்ப்யூட்டர். அதில் இரண்டு இயங்குதளங்கள். பொத்தானை அழுத்தினால் முதலில் ஒரு பட்டியல் வரும். எது வேண்டும் என்று தேர்ந்தெடுத்தால் அது எழுந்து வரும். ஒன்று டேவீஸுடையது, பெரும்பாலும் எல்லோர் வீட்டிலும் இருப்பது. அதில் அவன் கல்யாண ஆல்பங்கள் வடிவமைக்கிறான். இன்னொன்று லினக்ஸ், ரோசிலியுடையது. அவள் உயர்நிலைப் பள்ளியில் மலையாளம் சொல்லிக்கொடுக்கிறாள். கேரளத்துப் பள்ளிக்கூடங்களில் பழகியது அது என்பதால் வீட்டிலும் அதையே வைத்துக்கொண்டாள். அதில் உட்கார்ந்து சில வருஷங்களாக ஓர் எழுத்துரு வரைகிறாள். இது நடந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை திருச்சூரில் ஒரு சிறிய மண்டபத்தில் அதை வெளியிடுவதாக ஏற்பாடு. பெயர் உறும்பு. மலையாளத்தில் எறும்பு.*

* "பிரதி எடுத்து வைக்கவில்லையா?" என்று நீங்கள் கேட்பது கேட்கிறது. எடுத்திருந்தாள், ஓணத்துக்கு முன்னால். அதற்குப் பிறகுதான் கூட்டெழுத்துகள் முழுவதையும் வரைந்தாள். மலையாளத்தில் கூட்டெழுத்துகள் இல்லாத எழுத்துரு, பல் இல்லாத வாய் மாதிரி.

3

வியாழக்கிழமை. ரோசிலி விடைத்தாள் திருத்தப் போயிருந்தாள். டேவீஸுக்குக் கல்யாண சீசன், மூன்று ஆல்பங்கள் கைவசம். புதிதாக வந்த படங்களை ஏற்றும்போது இடம் இல்லை என்று கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது.

அவன் கம்ப்யூட்டரின் வட்டை, அதாவது ஹார்ட் டிஸ்க்கை, எப்படிப் பிரித்திருக்கிறது என்று காட்டும் பக்கத்தைத் திறந்தான். மூன்று கட்டங்கள். அவனுடைய இரண்டுக்கும் பெயர் இருந்தது. மூன்றாவதற்குப் பெயர் இல்லை. நூறு ஜிபி என்று மட்டும் போட்டிருந்தது. அவனுடைய தளத்துக்கு அவளுடையதைப் படிக்கத் தெரியாது. அதனால் அதற்குப் பெயரும் தெரியாது.

[முதல் வரைவில், அது யாருடையது என்று டேவீஸுக்குத் தெரியாது என்று எழுதினேன். அப்படி எழுதினால் அவன் நல்லவனாகவும் கதை சுலபமாகவும் ஆகிறது. அவனிடமே கேட்டேன்.

"தெரியும் அண்ணா. தெரியாம எப்படி இருக்கும்? அந்த இடத்தைப் பிரிச்சுக் கொடுத்ததே நான்தான்."

அடித்துவிட்டேன்.]

பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தானாம். கட்டத்தின் மேல் சுட்டியை வைத்து வலது பக்கம் அமுக்கினான். வந்த வரிகளில் ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது, மற்றவை மங்கிக் கிடந்தன. தெளிவாக இருந்தது 'அழி'.

அப்போது வாசலில் மீன்காரனின் ஹாரன் கேட்டது. டேவீஸ் எழுந்து போய்ச் சாளை வாங்கினான். மீன்காரனோடு கொஞ்சம் பேசினான். மீனைக் கழுவிப் பாத்திரத்தில் போட்டுவிட்டு வந்தான். திரையில் அந்தப் பக்கம் திறந்தபடி இருந்தது. அந்த வரிகளைக் காணோம். பக்கத்தை மூடிவிட்டு, படங்களை வெளி வட்டில் ஏற்றிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தான்.

"எழுந்து போகறதுக்கு முன்னாடி அமுக்கினியா?" என்று கேட்டேன்.

"அதுதான் தெரியலை."

"அமுக்கியிருந்தா 'நிச்சயமா?'ன்னு ஒரு தடவை கேட்குமே."

"அந்த மாதிரிப் பெட்டி வந்தா நான் எங்கே படிக்கறேன்? ஆமான்னு அடிச்சுட்டுப் போயிட்டே இருப்பேன். நீங்க படிக்கறீங்களா?"

நானும் படிப்பதில்லை.

4

சனிக்கிழமை காலை ரோசிலி கம்ப்யூட்டரைப் போட்டாள். பட்டியல் வரவில்லை. நேராக டேவீஸின் தளம் எழுந்து வந்தது. அணைத்துப் போட்டாள். மறுபடியும் அதேதான்.

"டேவீஸேட்டா, இதுல ஏதாவது செஞ்சீங்களா?"

அவன் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். நுரையோடு, "நான் ஒண்ணும் செய்யலையே" என்றான்.

அது பொய் இல்லை என்பது அவன் கட்சி. செய்தோமா என்று தெரியாதவன் வேறு என்ன சொல்ல முடியும் என்கிறான். ஆனால் வாயைக் கொப்பளிக்கும்போதே 'அழி' என்ற வரி கண்முன் வந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் கம்ப்யூட்டர் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு ஒருமுறை அணைந்து எழுந்ததும் நினைவுக்கு வந்தது. அதுதான் காரணம் என்று நினைக்கப் பார்த்தான். நினைப்பு நிற்கவில்லை. கட்டத்தைத் திறந்து பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். அதைத் திறக்க அவனுக்குக் கை வரவில்லை.

ரோசிலி சுகதனைக் கூப்பிட்டாள்.

5

சுகதனைப் பற்றி ஒரு சந்தேகம். அவன் ரோசிலியோடு எழுத்துரு வேலை செய்யும் கூட்டத்தில் ஒருவன், கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தா. இரண்டாவது வரைவில் அவனைக் கொஞ்சம் அழகாக்கினேன். டேவீஸின் மனதில் ஒரு பொறாமையைப் போட்டால் 'அழி' என்ற வரிக்கு ஒரு காரணம் கிடைக்கும் என்று பார்த்தேன். உண்மையான சுகதனுக்கு அன்று கடுமையான ஜலதோஷம். அக்காள் மகளின் நிச்சயதார்த்தத்துக்குப் போகிற வழியில், ஜரிகைக் கரை போட்ட கசவு வேட்டியோடு வந்திருந்தான். உட்கார்ந்ததிலிருந்து தும்மினான். பொறாமைக்கு இடமே இல்லை. காரணம் இல்லாமலேதான் இந்தக் கதை நடந்தாக வேண்டும்.

"டீச்சரே, பயப்படாதீங்க," என்றான். "ரெண்டுல ஒண்ணுதான். வீடு அப்படியே இருக்கு, போற வழியைக் காட்டற பலகையை மட்டும் யாரோ திருப்பி வெச்சுட்டாங்க. இல்லைன்னா வீட்டையே இடிச்சுட்டாங்க. உள்ளே போய்ப் பாத்தாத்தான் தெரியும்."

"பலகை மட்டும்னா?"

"அரை மணி நேர வேலை."

"வீடுன்னா?"

சுகதன் தும்மினான்.

பென் டிரைவ் ஒன்றைச் செருகி, அதிலிருந்து கம்ப்யூட்டரை எழுப்பினான். அது மெதுவாக எழுந்தது. ரோசிலி அவனுக்கு வேகவைத்த கொள்ளிக்கிழங்கும் (நம் மரவள்ளிதான்) தொட்டுக்கொள்ள மிளகாய்ச் சம்மந்தியும் கொண்டுவந்து வைத்தாள். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. டேவீஸ் கதவில் சாய்ந்து அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது நிற்பதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியதாம். தெரிந்த பிறகு சொன்னால் அது சொன்னதாக ஆகாது.

"ரோசிலி. வியாழக்கிழமை நான் அதை அழிச்சிருக்கலாம்."*

* இந்த வாக்கியத்தைத் தமிழில் எழுதியதில் ஒரு சிக்கல். 'ஒருவேளை அழித்தேனோ' என்றும் படிக்கலாம், 'அழித்திருந்தால் நல்லது' என்றும் படிக்கலாம். மலையாளத்தில் அவன் சொன்னதற்கு முதல் அர்த்தம் மட்டும்தான். வேறு மாதிரி எழுதிப் பார்த்தேன். இதைவிட இயல்பாக எதுவும் வரவில்லை. அவனை மாட்டிவிட்டது நானாகவும் இருக்கலாம்.

ரோசிலி திரையிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"எந்த வியாழக்கிழமை?"

"முந்தாநேத்து."

"நான் பேப்பர் திருத்தப் போன அன்னைக்கா?"

"ஆமா. இடம் பத்தலை. அழிக்கிற வரைக்கும் போனேன். அப்புறம் மீன்காரன் வந்தான். அமுக்கினேனா இல்லையான்னு தெரியலை."

"அதுல என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

சுகதன் கிழங்கை வாயில் போடாமல் கையில் வைத்திருந்தான். அடுத்தவர் வீட்டு விஷயம். வேட்டியைச் சரிசெய்துகொண்டு திரையின் பக்கம் திரும்பி, வேகமாகத் தட்டெழுத ஆரம்பித்தான். பட்டியல் ஒன்று வந்தது.

"இருக்கு டீச்சரே. நூறும் முழுசா இருக்கு. வெறும் பலகைதான். சேட்டாவோட தளம் தன்னைப் புதுப்பிச்சப்ப திருப்பியிருக்கும்."

ரோசிலி அவனை நகரச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். கோப்புகளைத் திறந்தாள். கடைசியாக வரைந்த 'ந்த்ர' என்ற கூட்டெழுத்து திரை நிறைய வந்து நின்றது. அதன் வளைவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். டேவீஸின் பக்கம் திரும்பவில்லை.

அழிக்காத ஒன்றை அழித்திருக்கலாம் என்று சொல்லிவிட்டோம் என்பது டேவீஸுக்கு அப்போதுதான் உறைத்தது. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் ஒன்றுமே இல்லை.

6

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். நானும் முடித்துவிட்டேன், சாயா போட எழுந்தும் போய்விட்டேன். ஆனால் டேவீஸ் அன்று இன்னும் சொல்லிக்கொண்டிருந்தான்.

சுகதன் பலகையைச் சரிசெய்து, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான். பட்டியல் வந்தது. அதில் ரோசிலியின் தளம் மட்டும் இருந்தது.

"என்னுது எங்கே?" என்றான் டேவீஸ்.

"உள்ளேதான் இருக்கும் சேட்டா."

"இருக்குமா, இருக்கா?"

"இருக்கும். பக்கத்துல வேற தளம் இருக்கான்னு இது இப்பல்லாம் தானா தேடறதில்லை. தேடச் சொல்லிக் கொடுக்கணும்." சுகதன் கடிகாரத்தைப் பார்த்தான். "டீச்சரே, அங்கே மோதிரம் மாத்தற நேரம் ஆகுது. இதை நாளைக்குச் சாயங்காலம் வந்து பாத்தாப் போதுமா?"

கம்ப்யூட்டரில் டேவீஸின் பாதியைப் பற்றி, சுகதன் ரோசிலியிடம் கேட்டான். டேவீஸ் அதைக் கவனித்தான். மூன்று கல்யாணங்கள் உள்ளே இருந்தன. ஒன்றைத் திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். அந்த ஆல்பத்து மணப்பெண்ணின் அப்பா படம் எடுத்த மறுவாரம் இறந்துவிட்டார். அவர் சிரித்துக்கொண்டு நிற்கிற படங்கள் அதில்தான் இருந்தன. டேவீஸ் அதைச் சொல்ல வாயெடுத்தான். பேசும் உரிமை தனக்கு இருக்கிறதா என்று குழப்பமாக இருந்தது.

ரோசிலி உடனே பதில் சொல்லவில்லை. (எவ்வளவு நேரம் என்று கேட்டேன். "ரொம்ப நேரம்" என்றான் டேவீஸ். பின்னொரு நாள் சுகதனைக் கேட்டேன். "அப்பவே சொன்னாங்களே" என்றான். இரண்டையும் எழுதி வைக்கிறேன்.)

"திங்கட்கிழமை அவருக்கு ஆல்பம் கொடுக்கணும்," என்றாள். "மோதிரம் உங்களுக்காகக் காத்திருக்கும். பாத்துட்டே போங்க."

சுகதன் ஒரு கோப்பில் ஒரு வரியைத் திருத்தி, மறுபடி தேடச் சொன்னான். இரண்டு பெயர்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தன. டேவீஸ் தன்னுடையதைத் திறந்து பார்த்தான். அந்த அப்பா சிரித்துக்கொண்டு நின்றார்.

7

ஞாயிற்றுக்கிழமை உறும்பு வெளியானது. ரோசிலி மேடையில் தட்டெழுதிக் காட்டினாள். எழுத்துகள் வரிசையாகத் திரையில் ஊர்ந்து வந்தன. எல்லோரும் கைதட்டினார்கள். டேவீஸ் கடைசி வரிசையில் உட்கார்ந்து கைதட்டினான். திரும்பி வரும்போது, குரியச்சிறை தாண்டியதும், ஸ்கூட்டரின் பின்னாலிருந்து ரோசிலி சொன்னாள்:

"நமக்கு ரெண்டு கம்ப்யூட்டர் வேணும்."

"சரி," என்றான்.

வீட்டுக்கு வந்ததும் அவனிடம் கேட்காமலே அவனுடைய தளத்திலும் உறும்பைப் போட்டுக் கொடுத்தாள். திங்கட்கிழமை ஆல்பத்தில் மணமக்கள் பெயர் அந்த எழுத்தில்தான் போனது.

8

முடிவுகள் மூன்று என்னிடம் உண்டு.

ஒன்று: அவள் மன்னித்துவிட்டாள். எழுத்துருவைப் போட்டுக் கொடுத்ததே அதற்குச் சாட்சி. (ஆனால் அவனுடைய ஆல்பங்களில் எழுத்து கண்றாவியாக இருக்கிறது என்று அவள் வெகுநாளாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள்.)

இரண்டு: மன்னிக்கவில்லை. தனிக் கம்ப்யூட்டர் கேட்டதே சாட்சி. இதை உறுதிப்படுத்த ஒருநாள் படியில் ரோசிலியை நிறுத்தி, "டீச்சரே, எதுக்கு ரெண்டு?" என்று கேட்டேன்.

"ஒண்ணு படுத்தாலும் இன்னொண்ணு ஓடுமே," என்றாள். "ஏன் கேக்கறீங்க?"

அந்த 'ஏன்'னோடு நான் மாடிக்கு ஏறிவிட்டேன்.

மூன்றாவது ஒரு பத்திரிகை நண்பர் சொன்னது: அவன் உண்மையிலேயே அழித்துவிட்டதாக எழுதுங்கள், கதைக்கு எடை வரும். வந்திருக்கும். ஆனால் அழித்திருந்தால் டேவீஸ் என்னிடம் வந்திருக்க மாட்டான். அழித்தவனுக்குத் தன்னைப் பற்றித் தெரியும். இவனுக்குத் தெரியவில்லை. சாயாவை ஆறவிட்டுக்கொண்டு அவன் கேட்டது இதுதான்:

"அன்னைக்கு மீன்காரன் வராம இருந்திருந்தா நான் அமுக்கியிருப்பேனா அண்ணா? ஆளுங்களைப் பத்தி எழுதறவர்தானே நீங்க. சொல்லுங்க."

"சேச்சே, மாட்டே" என்று உடனே சொன்னேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில், நானும் படிக்காமலே 'ஆமா' அடித்துவிட்டேன் என்று தெரிந்தது. யோசிச்சுச் சொல்றேன் என்று மாற்றிக்கொண்டேன்.

யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். 'அமுக்கியிருப்பாய்' என்று எழுதி அடித்தேன். 'அமுக்கியிருக்க மாட்டாய்' என்று எழுதி அதையும் அடித்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் இப்போது உங்களுக்கும் தெரியும். கீழே அவன் நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்கிறது. மேலே வந்தால் கேட்பான். வாக்கியத்தைத் தொடங்கி வைக்கிறேன், மிச்சத்தை நீங்கள் சொல்லுங்கள்.

டேவீஸ், நீ