யாரும் சாகவில்லை

முடிதிருத்துபவன் அவளைக் கண்ணாடி முன் உட்காரவைத்ததும் பாட்டை நிறுத்தினான்.

"முழுசாவா, அக்கா?"

"நேரா தொங்கறது எல்லாம் போகணும். அடியில சுருளா முளைச்சிருக்கே, அது மட்டும் இருக்கட்டும்."

அவன் வேறெதுவும் கேட்கவில்லை. இயந்திரம் காதருகே இரைந்தது.

அராபாவுக்கு முப்பத்திரண்டு வயது. பள்ளி முடியும்வரை மற்ற பெண்பிள்ளைகளைப் போல ஒட்ட வெட்டிய தலை; பள்ளியின் விதி அது. பள்ளி முடிந்த வாரமே அம்மா முடியை நேராக்கும் கிரீமை வாங்கி வந்து தடவிவிட்டாள். எரிந்தது. தாங்க முடியாத அளவுக்கு எரியும்வரை உட்கார்ந்திருந்தால்தான் முடி நன்றாகப் படியும் என்றாள் அம்மா. வேர் சுருளத் தொடங்கும்போதெல்லாம் மறுபடி எரிந்தது. இப்போது நெற்றியின் இரு ஓரத்திலும் முடி கொட்டிவிட்டது, பின்கழுத்தில் ஆறாத புண். விக் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள் அழகு நிலையத்தில். தன் முடி வளர்ந்தால் எப்படியிருக்கும் என்று அவள் பார்த்ததே இல்லை.

கண்ணாடியில் பார்த்தாள். தலை முழுக்க மிளகு மிளகாகச் சின்னச் சுருள்கள். காதுகள் பெரிதாகத் தெரிந்தன. மோசமில்லை என்று நினைத்தாள்.

"தைரியமா இருங்க, அக்கா," என்று வாசல்வரை வந்து சொன்னான் அவன்.

அவளுக்கு அது பிடித்திருந்தது.

சனிக்கிழமை, கானாவில் துக்கச் சடங்குகள் நடக்கும் நாள். குமாசியின் தெருக்களில் பாதிப் பேர் கறுப்பிலும் சிவப்பிலும் துக்க வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அராபாவும் கறுப்பில்தான் இருந்தாள். அவள் வேலை பார்த்த மூக்குக்கண்ணாடிக் கடையில் எல்லோருக்கும் கறுப்புச் சீருடை. வேலை முடிந்து நேராக வந்திருந்தாள்.

அவள் வாடகைக்கு இருந்த, முற்றத்தைச் சுற்றி அறைகள் கொண்ட வீட்டில், கொனாடு ஆன்ட்டி ஃபுஃபுக் களிக்கு வெந்த கிழங்கை இடித்துக்கொண்டிருந்தாள். மகள் அச்சியா உரலுக்குள் கைவிட்டு மாவைப் புரட்டினாள். அராபா உள்ளே வந்ததும் உலக்கை நின்றது.

"தாங்கிக்கோம்மா," என்றாள் கொனாடு. "மனசத் தாங்கிக்கோ."

"பரவாயில்ல, ஆன்ட்டி. நானேதான் போயி..."

"பேசாத. இப்ப ஒண்ணும் பேச வேணாம்."

அராபா அறைக்குப் போனாள். சொந்த ஊர் எல்மினாவிலிருந்து கடையின் இந்தக் கிளைக்கு மாற்றிவிட்டார்கள். வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. காலையில் வணக்கம், மாலையில் வணக்கம். அதற்கு மேல் இந்த வீட்டில் யாரும் அவளிடம் பேசியதில்லை. முற்றத்துச் சிரிப்பைக் கதவுக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டுக்கொண்டு தூங்கிவிடுவாள்.

கதவு தட்டப்பட்டது. கொனாடு நாற்காலியோடு வந்தாள். பின்னால் அச்சியா, அவள் பின்னால் எதிர் அறைப் பெண்கள், அவரவர் நாற்காலியோடு. எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. பள்ளி வயது தாண்டிய பெண் தலையை ஒட்ட வெட்டியிருந்தால் அவள் வீட்டில் சாவு. எல்மினாவிலும் அதே வழக்கம்தான். முடியைப் பற்றியே யோசித்துக் கிடந்ததில் அது தோன்றவே இல்லை.

சொல்ல வாயைத் திறந்தாள். கொனாடு அவள் முழங்கையில் கை வைத்தாள். கனமான, சூடான கை.

"சாப்பிடு முதல்ல."

கோழி சூப். அராபா சாப்பிட்டாள்.

"என் மச்சினன் சாவுல ஒலிபெருக்கிக்காரன் குடிச்சிட்டு கல்யாணப் பாட்டப் போட்டுட்டான்," என்றாள் அச்சியா. "மாமியா எழுந்து ரெண்டு ஆட்டம் ஆடிட்டுத்தான் நிறுத்தச் சொன்னாங்க."

"ஏய், சும்மா இரு. துக்கத்துல வந்து..." என்றாள் எதிர் அறைப் பெண் ஒருத்தி.

அராபா சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சிரிம்மா," என்றாள் கொனாடு. "சிரிக்கறதுல தப்பில்ல."

இருட்டும்வரை இருந்தார்கள். போனபின் அறை முன்னைவிடப் பெரிதாக இருந்தது. அவள் தலையைத் தடவிக்கொண்டு படுத்திருந்தாள். சொரசொரப்பாக, மெத்தென்று இருந்தது. யாரோ ஒரு தூரத்துச் சித்தப்பாவைப் பொய்யாகச் சாகடித்தால் போதும்; நாற்காலிகள் நாளைக்கும் வரும். ஆனால் அப்புறம் இது அந்தச் சித்தப்பாவுக்காக வெட்டிய தலையாகிவிடும். துக்கம் கழிந்ததும், எப்போது முடியைப் பழையபடி நேராக்கிக்கொள்ளப் போகிறாய் என்று கேட்பார்கள்.

ஞாயிறு, தேவாலயம் முடிந்து கொனாடு துக்கத்துக்கான கறுப்புத் துணி சுற்றிக்கொண்டு முறையாக வந்தாள். கூட அச்சியா. அராபா இருவருக்கும் தண்ணீர் கொடுத்தாள். குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, வந்தவர்களிடம் முறைப்படி கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"வந்த சேதி என்ன, ஆன்ட்டி?"

"வேற கெட்ட சேதி ஒண்ணுமில்ல. யாரு போனதுன்னு நீ இன்னும் சொல்லல. அடக்கம் எந்த ஊர்லன்னு சொன்னா வண்டி பேசணும். வீட்ல பாதிப் பேர் வராங்க. உன்னத் தனியா அனுப்ப முடியுமா?"

அராபாவுக்கு அந்தக் காட்சி கண்முன் வந்தது. எல்மினா தெருவில் ஒரு வண்டி நிறைய மனிதர்கள் இறங்குகிறார்கள். எல்லோரும் அவளுக்காக வந்தவர்கள். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரும் சாகல, ஆன்ட்டி."

"என்ன?"

"முடிய நான்தான் வெட்டிக்கிட்டேன். கிரீம் போட்டுப் போட்டுத் தலை வெந்துபோச்சு. என் முடி எப்படி வளருதுன்னு பாக்கணும்னு தோணுச்சு."

"உங்கம்மா?"

"நல்லாருக்காங்க."

"அப்பா?"

"அவரு நான் பொறக்கறதுக்கு முன்னாடியே போயிட்டாரு."

"அப்ப யாருமே சாகல."

"இல்ல."

அச்சியாவின் தோள் குலுங்கியது. கொனாடு அவளை ஒரு பார்வை பார்த்தாள்.

"என் சூப்பக் குடிச்சியே."

"குடிச்சேன். நேத்தே சொல்லியிருக்கணும். மன்னிச்சுக்கங்க."

"சாவு இல்லாம ஒரு பொண்ணு தலைய இப்படிப் பண்ணிக்குவாளா? வளர்றவரைக்கும் ஒரு துணியக் கட்டிக்க. பாக்கறவங்க என்ன நினைப்பாங்க."

"இது வளர்ந்தாலும் இப்படித்தான் இருக்கும், ஆன்ட்டி. சுருட்டையாத்தான் வளரும். நான் கட்டிக்க மாட்டேன்."

கொனாடு எழுந்தாள். தண்ணீர் கொடுத்ததற்கு நன்றி சொன்னாள், முறை தவறாமல். கதவை மூடவில்லை.

சற்று நேரத்தில் முற்றத்தில் சிரிப்பு வெடித்தது. அச்சியாவின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. பிறகு இன்னொரு முறை, நடந்ததை முதலிலிருந்து சொன்னாள்.

குளியலறை முற்றத்துக்கு அந்தப் பக்கம். அராபா வெகுநேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவர்கள் எழுந்து போவதாகத் தெரியவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

பேச்சு நின்றது. சாய்ந்த வெயில் தலையில் விழுந்தது. பள்ளி நாட்களுக்குப் பிறகு வெயில் அங்கே இப்படிப் பட்டதில்லை.

"மாலை வணக்கம்," என்றாள்.

வணக்கம் சொன்னவளுக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. எல்லோரும் சொன்னார்கள். கொனாடு கடைசியாக, ஆய்ந்துகொண்டிருந்த கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். யாரும் நாற்காலியை நகர்த்தி இடம் விடவில்லை. அராபா நடந்தாள். வாளி முழங்காலில் இடித்தது.

"அராபா," என்று கூப்பிட்டாள் அச்சியா. "பின்னாடி கோணலா வெட்டியிருக்கான்."

"எந்தப் பக்கம்?"

"எடது."

அராபா தொட்டுப் பார்த்தாள். உண்மைதான்.

"வளரும்," என்றாள்.

கதவைச் சாத்திக்கொண்டு முதல் குவளையைத் தலையில் ஊற்றினாள். வெளியே பேச்சு மறுபடி தொடங்கியிருந்தது. தக்காளி விலையைப் பற்றி. அவளைப் பற்றி இல்லை.