எலுமிச்சை கஸ்டர்டில் மிதந்த எண்ணெய்

கெரிகெரி ஊரில் எங்கள் எலுமிச்சைத் தோப்பைத் தெரியாதவர் இல்லை. பெட்டியில் டன்ஸ்டன் என்ற எங்கள் குடும்பப் பெயர் இருந்தால் யாரும் பழத்தைப் புரட்டிப் பார்த்து வாங்கியதில்லை. சிகரெட்டை விட்டு மின்சிகரெட்டுக்கு மாறிய பிறகு நானும் தங்கை நோலீனும் அதற்கான திரவத்தை வீட்டிலேயே கலக்கத் தொடங்கினோம். அந்தக் குப்பிகளிலும் அதே பெயரைத்தான் ஒட்டினோம்.

கலப்பது சமையல் அல்ல. ஒவ்வொன்றையும் தராசில் நிறுக்க வேண்டும். நிகோட்டினைத் தொடக் கையுறை வேண்டும். கஸ்டர்ட் இனிப்பின் ருசி வரும் வகை என்றால் இருட்டு அலமாரியில் சில வாரம் ஊற வேண்டும்.

அன்று மாலை எங்கள் மின்சிகரெட் கிளப்பில் ருசி பார்க்க வைக்கவிருந்த எலுமிச்சை கஸ்டர்ட் குப்பியை வெளியே எடுத்தேன். நோலீன் கலந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோது மேலே மஞ்சளாக ஒரு வளையம் மிதந்தது.

"நோலீன், இதுல என்ன ஊத்தின?"

"நம்ம எலுமிச்சைத் தோல்ல பிழிஞ்ச எண்ணெய்ண்ணே. கடை எசென்ஸை எவன் வேணா வாங்கி ஊத்துவான். இதுதான் டன்ஸ்டன் ருசி."

"அடிப் பாவி! இது வயித்துக்கா போகுது? நெஞ்சுக்குள்ள போகுது. எண்ணெய் நுரையீரலுக்கு ஆகுமா?"

"குலுக்கினா கலந்துடுதே."

"குலுக்கினா மறையும். போயிடாது."

அவள் முகம் வெளுத்தது. "மர்ரேக்கு ஒரு குப்பி முன்னாடியே குடுத்துட்டேன்."

உடனே மர்ரேயைத் தொலைபேசியில் பிடித்தேன். குழாய் வேலை செய்பவன். எங்கள் கிளப்பில் ஓயாமல் புகைவிடுபவன் அவன்தான்.

"அதைத் தொடாதே மர்ரே. தப்பாக் கலந்துடுச்சு."

"அட, என்னண்ணே! பாதியை ஷெரிலுக்கு ஊத்திக் குடுத்துட்டேனே. அவ யாருக்குக் குடுத்தாளோ."

எங்கள் கிளப்பின் வழக்கம் அது. நல்ல ருசி ஒருவரிடம் நிற்காது.

"கிளப்புல சொல்ல வேணாம்ணே," என்றாள் நோலீன். "ஒவ்வொருத்தர் வீடாப் போய், சரியா ஊறலைன்னு சொல்லி வாங்கிட்டு வந்துடலாம்."

"ஊறலைன்னா அலமாரியில வச்சு அப்புறம் இழுப்பான். காரணத்தைச் சொல்லியே ஆகணும்."

மாலையில் கோட்டை மாட்டிக்கொண்டு போனேன். கிளப்பில் எல்லாரும் இருக்கும்போது எழுந்து நின்றேன்.

"எங்க எலுமிச்சை கஸ்டர்ட்ல எண்ணெய் கலந்திருக்கு. இழுக்கக் கூடாது. யார்கிட்ட எவ்வளவு இருந்தாலும் இப்பவே குடுங்க."

"டன்ஸ்டன் தோப்புலயும் சொத்தை விழுமா டெஸ்?" என்று பின்வரிசையில் ஒருவன் கேட்டான். சிரிப்பு எழுந்தது.

"விழுந்திருக்கு. நல்லா சிரிச்சுக்கோ. சிரிச்சுட்டு உன் பையைத் தேடிப் பாரு."

நோலீன் எழுந்தாள். நான் அவள் பெயரைச் சொல்லவில்லை; சொல்லியிருக்கவும் மாட்டேன்.

"கலந்தது நான்தான்," என்றாள். "அண்ணனை ஏன் கேக்கறீங்க?"

சிரிப்பு நின்றது. மர்ரே தன் குப்பியை மேசையில் வைத்தான். பின்வரிசைக்காரன் தலையைத் தொங்கப்போட்டபடி சின்னக் குப்பி ஒன்றைக் கொண்டுவந்தான். ஷெரில் மட்டும் கையைப் பிசைந்தாள்.

"என் பங்கை மருமககிட்ட குடுத்தேன் டெஸ். பைஹியா ஊர்ல இருக்கா. போனை எடுக்க மாட்டேங்கறா. நாளைக்கு நானே போய்..."

"நாளைக்கு வரைக்கும் அவ இழுத்துக்கிட்டே இருப்பா. விலாசத்தைச் சொல்லு."

நான் திரும்பியபோது நோலீன் கார்ச் சாவியோடு வாசலில் நின்றாள்.

"நான் ஓட்டறேன்," என்றாள். "அவகிட்டயும் நானே சொல்றேன்."