இந்தக் குறிப்பை இருவர் பார்க்கிறார்கள்

1

இந்தக் கதை ஒரு வாஷிங் மெஷினால் பிறந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? நம்ப வேண்டாம். உண்மையில் இது குற்ற உணர்ச்சியால் பிறந்தது. ஆனால் குற்ற உணர்ச்சி என்று முதல் வரியிலேயே போட்டால் பாதிப் பேர் வேறு வேலை பார்க்கக் கிளம்பிவிடுவீர்கள். வாஷிங் மெஷின் என்றால் கொஞ்சம் நிற்பீர்கள். எல்லார் வீட்டிலும் ஒன்று இருக்கிறது, எல்லாருக்கும் அதன்மேல் ஒரு புகாரும் இருக்கிறது.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். மிச்ச நேரத்தில் கதை எழுதுவேன். எட்டு மாதத்துக்கு முன்னால் ஓர் இணைய இதழில் என் கதை ஒன்று வந்தது. அதில் ஒரு பெண் வாஷிங் மெஷின் வாங்கக் கிளம்பி, மூன்று வாரம் வேறு வேலையே இல்லாமல், ஊர் பேர் தெரியாதவர்கள் இணையத்தில் எழுதிய விமர்சனங்களைப் படித்துக்கொண்டே இருப்பாள். நானூறு விமர்சனம். கடைசியில் வாங்கவே மாட்டாள். படித்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரே ஒருவருக்குத்தான் பிடிக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு. அவள் என் அக்கா. அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை.

அந்தக் கதையைப் பற்றித்தான் இந்தக் கதை.

"ஒரு தடவை பட்டது போதாதா உனக்கு?" என்றார் என் வீட்டுக்காரர்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

"என் அக்கா செருப்பு வாங்கினால்கூட அந்தச் செருப்பின் பூர்வீகத்தை விசாரித்துவிட்டுத்தான்—" நன்றாக இருக்கிறது. அதனால்தான் வேண்டாம். மறுபடியும் அவளை வைத்தே சிரிப்பு.

"ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவள் ஊசி குத்தினால் குழந்தைகூட அழாது. ஆனால் வாயைத் திறந்தாளானால்—" இது கதை இல்லை, பழி தீர்ப்பது.

"தவறு என்னுடையதுதான், இருந்தாலும்—" இந்த 'இருந்தாலும்' வந்த இடத்தில் எனக்கே என்மேல் வெறுப்பு வந்து நிறுத்திவிட்டேன்.

3

கதாபாத்திரம் பற்றிக் கொஞ்சம். (இதை அவள் படிக்கப்போவதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.)

அக்கா ஐந்து நட்சத்திர விமர்சனங்களைச் சீண்டவே மாட்டாள். "பார்சல் நல்லா வந்தது, இன்னும் பிரிக்கல, சூப்பர்னு எழுதறான். பிரிக்காமலே எப்படிடா சூப்பரு?" என்பாள். நேராக ஒற்றை நட்சத்திரத்துக்குப் போவாள். வயிறெரிந்தவன்தான் உண்மை பேசுவான் என்பது அவள் கட்சி.* வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மருத்துவ அறிக்கைகளைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கமாக இருக்கலாம். எல்லாம் சரியாக இருக்கிறது என்ற வரியை அவள் லேசில் நம்புவதில்லை.

* ஒரு கொசு மட்டைக்கு ஒருவர் ஒற்றை நட்சத்திரம் போட்டிருந்தார்: "மட்டை நன்றாக வேலை செய்கிறது. எங்கள் வீட்டில் கொசு இல்லை." அக்கா இதைப் படித்துவிட்டு அரைமணி நேரம் சிரித்தாள். அப்போது நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம்.

4

பேசாமல் இருக்கிறோம் என்றேனே தவிர, தொடர்பே இல்லை என்று சொல்லவில்லை. அம்மா தனியாக இருக்கிறார். அவருக்கு வேண்டிய சாமான்களை நாங்கள் இருவரும் முறைவைத்து வாங்கிக் கொடுக்கிறோம். அதற்காகப் போனில் ஒரு பட்டியல் உண்டு. இருவர் போனிலும் ஒரே பட்டியல் தெரியும்படி அக்காதான் முன்பு செய்துவைத்தாள். சண்டைக்குப் பிறகும் அது நிற்கவில்லை. நான் "சோப்பு" என்று எழுதுவேன். சாயங்காலம் அதன்மேல் ஒரு கோடு விழுந்திருக்கும். அவள் "ரிமோட்டுக்கு பேட்டரி" என்று எழுதுவாள். நான் வாங்கிவிட்டுக் கோடு போடுவேன். ஒருமுறை நான் "சின்ன பேட்டரியா பெரிசா?" என்று எழுதினேன். "சின்னது" என்று வந்தது. அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன்.

"அவகிட்ட நீயா ஒரு வார்த்தை பேசினா நாக்கு தேஞ்சா போயிடும்?" என்று அம்மா கேட்காத நாள் இல்லை.

நாக்கு தேயாதுதான். ஆனால் என்ன பேசுவது? அதனால் கதை எழுதுகிறேன்.

5

என் எழுத்தைப் பற்றி ஒரு ரகசியம். கொஞ்ச காலமாக என் கதைகள் தானாகவே திருந்துகின்றன. கடையில் சாப்பாட்டு இடைவேளையில் போனில் எழுதிவிட்டுப் போவேன். மறுநாள் திறந்தால் முந்தின நாள் எழுதியதைவிட ஒரு படி மேலாக இருக்கும். ஒரு கதையில் நர்ஸ் ஒருத்தி ரத்தம் எடுக்க மணிக்கட்டில் பட்டை கட்டுவதாக எழுதியிருந்தேன். அடுத்த நாள் பார்த்தால் பட்டை முழங்கைக்கு மேல் ஏறியிருந்தது. பரவாயில்லையே, நமக்குள் நமக்கே தெரியாமல் எவ்வளவு விஷய ஞானம் என்று பெருமைப்பட்டேன்.

இந்தப் பகுதியை இன்று, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"மேல என்ன அது, வட்டமா?"

"எது?"

"அதான், அந்த சின்ன படம். மாஸ்க் போட்டிருக்காங்களே, அது உங்க அக்கா இல்ல?"

பார்த்தேன். திரையின் மேல் மூலையில் கடுகளவு அக்கா. பக்கத்தில், "இந்தக் குறிப்பை இருவர் பார்க்கிறார்கள்."

அக்கா அன்று பட்டியலை மட்டும் பகிரவில்லை. பட்டியல் இருந்த பெட்டி, அதாவது ஃபோல்டர், முழுவதையும் பகிர்ந்திருக்கிறாள். நானும் அந்தப் பெட்டிக்குள்ளேயே கதை கதையாகக் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறேன். எட்டு மாதமாக.

6

எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன். வட்டம் அங்கேயே இருந்தது. மூன்றாம் பகுதியில் நான் அடைப்புக்குறிக்குள் காட்டிய தைரியத்தை மேலே போய் ஒருமுறை படித்துப் பாருங்கள். நானும் படித்தேன்.

அழித்துவிடலாமா? அழித்தால் அழித்தது தெரியும். சரி, அவள் இருக்கும்போதே சொல்லிவிடுகிறேன். வாசகரே, இது உங்களுக்காக என்று பொய் சொல்லமாட்டேன். நீங்களும் கேட்டுக்கொள்ளலாம்.

அம்மாவுக்கு வலது தோள் இறுகிப்போய்விட்டது. கையை மார்புக்கு மேல் தூக்க முடியாது. முட்டிவலி, அதனால் குனியவும் முடியாது. முன்பக்கம் கதவு வைத்த மெஷின் என்றால் குனிய வேண்டும். மேலே திறக்கிற மெஷின் என்றால் மூடியைத் தூக்க வேண்டும். நானூறு விமர்சனத்திலும் அக்கா தேடியது ஒரே விஷயம்: மூடியை இடது கையால் மட்டும் தூக்க முடியுமா? அதை யாரும் எழுதவில்லை. கேள்வி கேட்கும் இடத்தில் அவளே கேட்டுப் பார்த்தாள். ஒரே ஒரு புண்ணியவான் பதில் போட்டார்: "தெரியாதுங்க, எங்களுக்கு இது பரிசா வந்தது."

அவள் வாங்காமலும் இருக்கவில்லை. கடைக்கே போனாள். வலது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி வைத்துக்கொண்டு, பதினோரு மெஷின்களின் மூடியையும் இடது கையால் ஒவ்வொன்றாகத் திறந்து மூடினாள். கடைக்காரர் கையில் அடிபட்டிருக்கிறது போலிருக்கிறது என்று நாற்காலி கொண்டுவந்து போட்டார். இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

கதையின் முதல் பிரதியில் தோளும் மூடியும் இருந்தன. அவை வந்த இடத்தில் சிரிப்பு நின்றுபோனது. அதனால் எடுத்துவிட்டேன். தெரிந்தேதான் செய்தேன். கதை வெளிவந்த அன்று அக்காவின் பரிசோதனைக் கூடத்தில் யாரோ அதை எல்லாருக்கும் அனுப்பி, "அச்சு அசல் உங்களை மாதிரியே இருக்கே!" என்று அவளிடமே காட்டியிருக்கிறார்கள். அம்மா சொல்லித்தான் இது எனக்குத் தெரியும்.

7

இந்த மாதிரிக் கதையில் வாசகருக்கு இரண்டு மூன்று முடிவுகளை நீட்டுவது வழக்கம். நானும் நீட்டுகிறேன்.

முடிவு ஒன்று: நான் அக்கா வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுகிறேன். அவள் திறக்கிறாள். இருவரும் கட்டிப்பிடித்து அழு—

(இந்த இடத்தில் என் எழுத்துக்கு நடுவே இன்னொரு எழுத்து வந்தது: "நீ எப்ப அழுத? சின்ன வயசுலேருந்து அழற மாதிரி நடிக்கத்தான் தெரியும்.")

முடிவு இரண்டு: அம்மாவுக்குத் திடீரென்று உடம்புக்கு முடியாமல் போகிறது. ஆஸ்பத்திரி வராந்தாவில்—

("அம்மாவை ஏண்டி படுக்க வைக்கற? நல்லாத்தானே இருக்காங்க. காலைல கூட உன்னைத் திட்டிக்கிட்டு இருந்தாங்க.")

முடிவு மூன்று: அந்தப் பழைய கதையைத் திருத்தி, தோள், மூடி, பதினோரு மெஷின், நாற்காலி எல்லாவற்றையும் சேர்த்து மறுபடி வெளியிடுகிறேன். உலகத்துக்கு உண்மை தெரிகிறது.

இந்தத் தடவை சரியான முடிவைப் பிடித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

("அதைப் படிச்சிட்டு லேப்ல எல்லாரும் என்னைப் பாத்து அய்யோ பாவம்னு சொல்லணுமா? அதுக்கு அவங்க சிரிச்சதே தேவலை.")

"அப்ப என்னதான்க்கா எழுதறது?" என்று எழுதினேன். கதைக்குள்தான் எழுதினேன். வேறு எங்கே எழுத?

8

அவள் எழுதியதை அப்படியே விட்டுவைக்கிறேன். ஓர் எழுத்தைக்கூடத் திருத்தவில்லை.

"கோவம் ரெண்டு மாசத்துலயே போயிடுச்சு. உன்கிட்ட சொல்ல எவ்வளவோ இருக்கு. சொன்னா எழுதிடுவ. அந்த பயத்துலதான் பேசல."

போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. எட்டு மாதமாக அவள் என்னைத் தண்டிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் என்னிடமிருந்து ஒளிந்துகொண்டிருந்திருக்கிறாள். ஒளிந்துகொண்டே என் நர்ஸின் பட்டையையும் சரியான இடத்தில் கட்டிவிட்டிருக்கிறாள்.

"இனிமே நாம பேசறதை எழுதமாட்டேன்னு இங்கயே எழுது. நாலு பேர் படிக்கிற மாதிரி. அப்ப போன் பண்றேன்."

"அம்மா பேசறது?"

"அதுவும் கூடாது."

"மாமா?"

அவள் வீட்டுக்காரரைத்தான் கேட்டேன்.

"உங்க மாமாவைப் பத்தி என்ன வேணா எழுதிக்கோ."

9

எழுதுகிறேன்: இனி என் அக்காவும் நானும் பேசிக்கொள்வதை நான் எழுதமாட்டேன். நாலு பேர் சாட்சி.

முற்றுப்புள்ளி வைத்து ஒரு நிமிஷம் ஆகவில்லை. திரையில் வட்டம் மறைந்துவிட்டது. இந்தக் குறிப்பை இப்போது ஒருவர் மட்டும் பார்க்கிறார்.

போன் அடிக்கிறது.

இந்தக் கதைக்கு ஒரு முடிவு இருக்கிறது, வாசகரே. இன்னும் கொஞ்ச நேரத்தில் அது எனக்குத் தெரிந்துவிடும். நல்ல முடிவாகவும் இருக்கலாம், அவள் எட்டு மாதத்துக்கும் சேர்த்து வாங்கு வாங்கென்று வாங்கலாம். எதுவானாலும் உங்களுக்குச் சொல்லமாட்டேன். முடிவில்லாத கதைக்கு நீங்கள் ஒற்றை நட்சத்திரம் போட்டால் போட்டுக்கொள்ளுங்கள். பொறுக்க முடியாதவர்கள் நீங்களாக ஒரு முடிவை வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

மூன்றாவது தடவை அடிக்கிறது. நான் பேச வேண்டும். நீங்கள் கொஞ்சம் வெளியே இருங்கள்.