ஆற்றை விட்டு ஏறும் பாதை

மேட்டுச் சாலையில் தார் ஊற்றிச் சல்லி கொட்டிவிட்டார்கள் என்று நதேஜ் சொல்லி முடித்தபோது, காப்பிக்கடையின் பின்னறையில் இருந்த எவரும் கிஸ்லேனைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட சிரமம் அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. ஒருவர் தம் கோப்பையின் அடியை ஆராய்ந்தார். இன்னொருவர் சன்னல் வழியே வானத்தில் மேகம் தேடினார். மிதிவண்டிக் கழகத்தின் தலைவியான நதேஜ் ஊரில் மருந்துக்கடை நடத்துபவள். கசப்பானதைச் சாதாரணக் குரலில் சொல்லிப் பழகியவள். புதுச் சல்லியில் மெல்லிய சக்கரங்கள் வழுக்கும், ஞாயிற்றுக்கிழமைப் பெருஞ்சவாரிக்கு அயலூர்களிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், ஆகையால் இவ்வாண்டு அந்த மேட்டின் மீது யாரையும் அனுப்ப முடியாது என்றாள். மிஞ்சியிருக்கும் வழி எது என்பதை அவள் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

கழகத்தில் வழி வகுக்கும் பொறுப்பு கிஸ்லேனுடையது. ஓய்வு பெறும்வரை தபால் வண்டி ஓட்டியவள் என்பதால், அந்தப் பள்ளத்தாக்கில் அவள் அறியாத சாலையோ, அவளைப் பார்த்துக் குரைக்காத நாயோ இல்லை. ஷராந்த் ஆற்றை ஒட்டி அவள் அமைத்த பாதைகள் பெயர் பெற்றவை: பாப்லர் மர வரிசைகள், ஆலை மதகுகள், திராட்சைத் தோட்டங்களின் விளிம்பு, எங்கும் மூச்சு முட்டாத சமதளம். ஒரே ஓர் இடத்தில் மட்டும் அவளுடைய பாதை, காரணமே இல்லாமல், ஆற்றை விட்டு விலகி, கோதுமை மேட்டின் மீது செங்குத்தாக ஏறி, மறுபுறம் இறங்கி, மீண்டும் அதே ஆற்றுக்கு வந்து சேரும். அவ்வளவு வியர்வைக்கும் ஈடாகக் கிடைத்தது, ஆற்றோரமாகக் கிடந்த நிழலான சந்து ஒன்றைத் தவிர்த்த பெருமைதான். வெளியூர்க்காரர்கள் ஆண்டுதோறும் ஏன் என்று கேட்டார்கள். உள்ளூர்க்காரர்கள் அந்த ஏற்றத்துக்குக் ‘கிஸ்லேன் படிக்கட்டு’ என்று பெயர் வைத்து, அவள் காதில் விழாமல் புழங்கி வந்தார்கள். அந்தச் சந்தின் கடைசி வீட்டில் அவள் தம்பி ரெமி குடியிருந்தான்.

“எனக்கொண்ணும் வருத்தம் இல்ல,” என்றார் கழகத்திலேயே மூத்தவரான மத்துரேன், யாரும் கேட்காதபோதே. “அந்தப் படிக்கட்டுல ஏறும்போதெல்லாம் செத்துப்போன எங்க மாமியாரு எதுத்தாப்புல வந்து நின்னுக்கிட்டு இருந்தாங்க. இந்த வருசம் அவங்களப் பாக்காம இருந்துக்கறேன்.”

சிலர் சிரித்தார்கள். கிஸ்லேன் சிரிக்கவில்லை. சாலையில் வழிகாட்டும் அம்புக்குறிகளை இம்முறை வேறு யாராவது போடட்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தாள்.

எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறு, அந்தச் சந்தில் ரெமி முன்னால் போய்க்கொண்டிருந்தான். அவனுடைய சக்கரத்தை ஒட்டி, ஒரு முழ இடைவெளியில், கிஸ்லேனின் கணவன் இவோன். அணியாகச் செல்பவர்களுக்கு ஒரு விதி உண்டு. பின்னால் வருபவனுக்குச் சாலை தெரியாது. முன்னே செல்பவனின் முதுகுதான் தெரியும். ஆகவே முன்னவன் குழியைக் கண்டதும் கையைக் கீழே இறக்கிச் சுட்ட வேண்டும். அடுத்தவன் அதைத் தனக்கு அடுத்தவனுக்குச் சுட்ட வேண்டும். அப்படியே கடைசி ஆள் வரை. கை காட்டாமல் குழியைக் கடந்தவனுக்கு மன்னிப்பு வழங்கும் வழக்கம் அவர்களிடம் இல்லை. அன்று இவோன் குழியில் விழுந்தான். இடுப்பெலும்பில் தகடு வைத்தார்கள். அதன் பிறகு அவன் மிதிவண்டி ஏறவில்லை. சவாரி நாள்களில் தின்பண்ட வேனை ஓட்டினான். வரிசையின் கடைசியில் வந்துகொண்டிருந்த கிஸ்லேன் எதையும் பார்த்திருக்கவில்லை. ஆனால் கை காட்டியிருந்தால் இவோன் ஏன் விழப்போகிறான்? அன்று மாலையே, மருத்துவமனைத் தாழ்வாரத்தில், தம்பியிடம் அவள் இதைச் சொன்னாள். அவன் மறுத்துப் பேசவில்லை. மறுக்காததை அவள் ஒப்புதலாக எடுத்துக்கொண்டாள். அடுத்த வாரமே அவன் கழகத்திலிருந்து விலகிவிட்டான்.

வீட்டில் இவோன் சமையலறை மேசையில் உட்கார்ந்து அவரை உரித்துக்கொண்டிருந்தான். அவள் சல்லியைப் பற்றிச் சொன்னாள். அம்புக்குறிப் பொறுப்பை விட்டுவிட்டதையும் சொன்னாள். அந்தச் சந்தில் மண்டியிட்டு அம்பு வரைவது இவோனுக்குச் செய்யும் துரோகமாகத் தோன்றுகிறது என்றாள்.

இவோன் கையிலிருந்த காயை உரித்து முடித்தான். அடுத்ததை எடுக்கவில்லை.

“அவன் கை காட்டினான்,” என்றான்.

“யாரு?”

“ரெமி. அன்னைக்கு. இடது கையை நல்லா எறக்கித்தான் காட்டினான். நான் பாத்தேன். பாத்துட்டு, தண்ணிப் பக்கம் திரும்பிட்டேன். மீன்கொத்தி ஒண்ணு போச்சு.”

கிஸ்லேன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். குரலை உயர்த்தும் வழக்கம் அவ்வீட்டில் இல்லை. இப்போது அது இருந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. ஏன் இத்தனை காலம் சொல்லவில்லை என்று கேட்டாள்.

“ஆஸ்பத்திரியில நான் கண்ணு முழிக்கறதுக்குள்ள நீ முடிவு பண்ணிட்ட. எனக்கும் அது சௌகரியமா இருந்துச்சு. குருவி பாத்து இடுப்ப ஒடச்சுக்கிட்டவன்னு ஊரெல்லாம் சொல்லுமேன்னு ஒரு வெக்கம். அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்கு ஒரு நாள் அமையணும்ல. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமையா போயிருச்சு.”

“இன்னைக்கு மட்டும் எப்படி அமைஞ்சுது?”

“துரோகம்னு சொன்னியே,” என்றான் இவோன். “அந்த வார்த்தையத் தூக்கிட்டு நான் வேன் ஓட்ட முடியாது.”

அவர்கள் மீதி அவரையைச் சேர்ந்தே உரித்தார்கள். கோபம் கிஸ்லேனுக்கு வந்தது. ஆனால் எந்தப் பக்கம் போவதென்று அதற்குத் தெரியவில்லை. இத்தனை ஆண்டுகளாக அது ஒரே சாலையில் போய்வந்து பழகியிருந்தது. எதிரில் உட்கார்ந்திருப்பவனிடம் அதைத் திருப்பலாம் என்று பார்த்தாள். அவன் கேட்காத முடிவை அவனுக்காக எடுத்துக் கொடுத்தவள் தானே என்பது குறுக்கே நின்றது.

சனிக்கிழமை காலை அவள் எழுந்து வந்தபோது, சுண்ணாம்பு கரைத்த வாளியும், மட்டைத் தூரிகையும், அம்பு வடிவம் வெட்டிய தகரத் தகடும் அவளுடைய மிதிவண்டியின் பின்தட்டில் கயிற்றால் கட்டப்பட்டிருந்தன. இவோன் கட்டும் முடிச்சு அவளுக்குத் தெரியும். சாயம் பூசினால் நகராட்சி ஒப்புக்கொள்ளாது என்பதால் கழகத்தில் சுண்ணாம்புதான் வழக்கம். ஒரு மாதத்து மழையில் கரைந்துவிடும். அவள் நதேஜைத் தொலைபேசியில் அழைத்து, அம்புகளைத் தானே போட்டுவிடுவதாகச் சொன்னாள். நதேஜ் காரணம் கேட்கவில்லை.

சந்து அவள் நினைத்திருந்ததைவிடக் குறுகலாக இருந்தது. இடப்புறம் ஆறு, கிட்டத்தட்டச் சாலையின் மட்டத்திலேயே, போவதா நிற்பதா என்று முடிவு செய்யாததுபோல் கிடந்தது. கியர்ப் பல்சக்கரத்தை மாற்ற வேண்டிய அவசியமே நேரவில்லை. இத்தனை எளிய பாதையைக் கொடுக்காமல் எத்தனை பேரை மேட்டில் ஏற்றியிருக்கிறோம் என்ற எண்ணம் வந்தது; அதை விலக்கிவிட்டு, தம்பியிடம் சொல்ல வேண்டிய வாக்கியத்தை அமைக்கத் தொடங்கினாள். ‘நான் தவறாக எண்ணிவிட்டேன்’ என்பது போதாது. ‘எண்ணிவிட்டேன்’ என்பதில், ஏதோ தானாக நேர்ந்துவிட்டது போன்ற தொனி இருந்தது. வேறொன்றை அமைத்தாள். அதில் இவோன் முன்னால் வந்து நின்றான். அதையும் கலைத்தாள். வாக்கியம் அமைவதற்குள் வீடு வந்துவிட்டது.

நிற்காமல் போகவும் வழியில்லை. ரெமியின் வீட்டெதிரில்தான் சந்து இரண்டாகப் பிரிகிறது: இடப்புறம் பாலத்துக்கு, வலப்புறம் ஒரு பண்ணையின் மாட்டுக்கொட்டிலுக்கு. அங்கே அம்பு இல்லாவிட்டால் நாளை சவாரி முழுவதும் மாடுகளிடம் போய்ச் சேரும். அவள் வண்டியைச் சாய்த்து வைத்து, மண்டியிட்டு, தகட்டைச் சாலையில் பொருத்தினாள். பின்னால் கதவு திறக்கும் ஓசை கேட்டது. கம்பளிச் செருப்பு சரசரத்து வந்து, சற்றுத் தள்ளி நின்றது.

“அங்க போட்டா ஒருத்தனுக்கும் தெரியாது,” என்றான் ரெமி. “காலைல அந்த எடத்துல வால்நட் மரத்து நெழல் விழும். இன்னும் கொஞ்சம் முன்னாடி போடு.”

“அம்பு எங்க போடணும்னு எனக்குத் தெரியும்.”

“தெரியுமா? தெரிஞ்சுதான் வருசா வருசம் அத்தனை பேரையும் மேட்டுல ஏத்துனியா?”

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. தகட்டை எடுத்து, அவன் சொன்ன இடத்தில் வைத்தாள். சாலை அங்கே சற்றுக் குவிந்திருந்ததால் தகட்டின் முனை எழும்பியது. ரெமி வந்து செருப்புக் காலால் அதை அழுத்திக்கொண்டான். அவள் தூரிகையை வாளியில் தோய்த்துப் பூசினாள். பூசிக்கொண்டே, அமைத்த வாக்கியங்கள் எதையும் பயன்படுத்தாமல், சொன்னாள்:

“இவோன் சொல்லிட்டான்.”

“என்னன்னு?”

“நீ கை காட்டினியாம். இடது கை. பாத்தேன்னு சொல்றான்.”

செருப்பு அசையவில்லை.

“உறுதியாச் சொன்னானா?” என்றான் ரெமி. அவன் குரலில் இருந்தது கோபமல்ல என்பதை அவள் உணர்வதற்குச் சற்று நேரமாயிற்று. “மொதல்ல எனக்கும் உறுதியாத்தான் இருந்துச்சு. அப்புறம் நாளாக ஆக… காட்டினேனா, இல்ல காட்டணும்னு நெனச்சதோட சரியான்னு தெரியாமப் போச்சு. இப்பல்லாம் தனியாத்தான் ஓட்டறேன். பின்னால ஒருத்தரும் இல்லாட்டியும் ஒவ்வொரு குழிக்கும் காட்டறேன்.”

கிஸ்லேன் தகட்டை மெதுவாகத் தூக்கினாள். அம்பு சாலையில் சாம்பல் நிறமாகக் கிடந்தது. ஈரத்தில் சுண்ணாம்பு எப்போதும் அப்படித்தான், இருப்பதே தெரியாது; காய்ந்தால்தான் வெளுக்கும். தகட்டைப் புல்லின் மீது வைத்தாள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். இனித் துடைப்பதற்கு எதுவும் இல்லை.

“அப்ப அவன் என்னத்தப் பாத்துக்கிட்டு இருந்தானாம்?”

“மீன்கொத்தி.”

ரெமி ஆற்றை நோக்கித் திரும்பினான். தோள்கள் ஒருமுறை குலுங்கின. சிரிப்பாகவும் இருக்கலாம்.

“நல்லா இருந்துச்சாமா?”

“கேக்கல.”

அவள் மேலே ஏதோ சொல்ல வாயெடுத்த நேரத்தில், பண்ணைப் பக்கமிருந்து டிராக்டர் ஒன்று வைக்கோல் உருளையை முன்னே தாங்கிக்கொண்டு சந்துக்குள் நுழைந்தது. அதன் சக்கரம் ஒருமுறை ஏறி இறங்கினால் போதும். அம்பு குழம்பி, சுண்ணாம்புத் தடம் எந்தத் திசைக்கோ இழுத்துக்கொண்டு போகும். இருவரும் ஒரே நேரத்தில் சாலையின் நடுவுக்கு வந்தார்கள். யாரும் யாரையும் அழைக்கவில்லை. அம்புக்கு இந்தப் பக்கம் அவளும், அந்தப் பக்கம் அவனுமாக நின்றார்கள். டிராக்டர் நின்றது. ஓட்டி வந்தவர் உருளைக்கு ஓரமாக எட்டிப் பார்த்தார், அவர்கள் இருவரையும் பார்த்தார், தரையைப் பார்த்தார். பிறகு எந்திரத்தை அணைத்துவிட்டு, இருக்கைக்கு அடியிலிருந்து ரொட்டியை எடுத்துப் பிரித்தார்.

எந்திரம் ஓய்ந்ததும் மதகில் தண்ணீர் விழும் ஓசை கேட்டது. வெயில் மரத்தைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. அவர்கள் காலடியில் அம்பின் ஓரங்கள் முதலில் வெளுக்கத் தொடங்கின. நடுவில் இன்னும் ஈரம் இருந்தது.