மூச்சு எடுக்கும் இடம்

எங்கள் கொயரில் எட்டுப் பேர். சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்று குரலுக்கு இரண்டு பேர். ஆர்கன் கிடையாது, கீபோர்டு கிடையாது, எட்டுத் தொண்டைகள்தான். கொயரை நடத்தும் டிரேவர் டியூனிங் ஃபோர்க்கை முட்டியில் தட்டிக் காதில் வைத்து 'ம்' என்று சுருதி கொடுப்பான். அதற்குப் பிறகு கர்த்தர் விட்ட வழி.

நானும் ஜோவிதாவும் ஆல்ட்டோ. ஆல்ட்டோவுக்கு எந்தப் பாட்டிலும் நல்ல மெட்டு கிடைக்காது. சோப்ரானோக்கள் மேலே போய்ப் பெயர் வாங்கிக்கொள்வார்கள்; நாங்கள் நடுவில் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்போம். "நம்ம ரெண்டு பேரும் பந்தல் மூங்கில்டீ லீனா. யாரும் நிமிந்துகூட பாக்க மாட்டாங்க. ஆனா ஒண்ண புடுங்கிப் பாரு, அப்ப தெரியும்" என்பாள் ஜோவிதா. காக்ஸ் டவுன் சர்ச்சில் எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அப்படிச் சேர்ந்து நின்றவர்கள் நாங்கள்.

வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் கேரல் சர்வீஸில் எங்கள் கடைசிப் பாட்டு டிரேவரே எழுதியது. அதன் முடிவில் ஒரு நீண்ட 'ஆமென்'. மற்ற மூன்று குரல்களும் ஊரெல்லாம் சுற்றிவிட்டு வீடு வந்து சேரும்வரை ஆல்ட்டோ அந்த 'ஆ'வை விடாமல் பிடித்திருக்க வேண்டும். எந்த மனுஷிக்கும் ஒரே மூச்சில் முடியாது. ஒருத்தி மூச்சு எடுக்கும்போது மற்றவள் பிடித்துக்கொள்ள வேண்டும். நடுவில் யார் நிறுத்தினார்கள் என்று கேட்கிறவர்களுக்குத் தெரியவே கூடாது. இது டிரேவரின் சட்டம்.

எங்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. மூச்சு தீரப்போகிறவள் மற்றவளை முழங்கையால் லேசாக இடிப்பாள். நான் போறேன், நீ பிடி என்று அர்த்தம். பேஸ் குரல் கீழே இறங்கும் இடத்தில் முதலில் நான் இடிப்பேன்.

ஆகஸ்டில் ஜோவிதா டெங்குவில் போய்விட்டாள். சாதாரணக் காய்ச்சல் என்று லிங்கராஜபுரம் வீட்டில் படுத்தவள், ஒரு வாரத்தில் இல்லை. கல்லறையில் ஏழு பேராகப் பாடினோம். நான் பாதியில் நிறுத்திவிட்டேன்.

அக்டோபரில் டிரேவர் லவினா என்று ஒருத்தியைக் கூட்டிவந்தான். முப்பது வயதிருக்கும், தொம்மலூரில் ஏதோ கம்பெனியில் வேலை, நல்ல குரல். நேராக வந்து ஜோவிதா நின்ற இடத்தில் நின்று, "ஹாய் ஆன்ட்டி" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பயிற்சி முடிந்ததும் டிரேவரைப் பிடித்தேன்.

"இந்த ஒரு கிறிஸ்துமஸ் மட்டும் அந்த எடத்த காலியா விடுடா. ஆல்ட்டோ நான் தனியா பாடிக்கிறேன்."

"அந்த ஆமென்ன தனியா எப்டிக்கா பிடிப்பீங்க? நடுவுல ஓட்ட விழும்."

"விழட்டுமே."

"எனக்கும் வருத்தம்தான் லீனாக்கா. ஆனா பாட்டு கெட்டுச்சுன்னா ஜோவிதாக்காவே என்ன திட்டும்."

திட்டுவாள்தான். அது எனக்கும் தெரியும். ஆனால் இரண்டே வாரத்தில் எல்லோரும் பழையபடி டீ குடித்துச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பாட்டு முன்னைவிட நன்றாகவே வந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மூங்கிலைப் பிடுங்கியாயிற்று, பந்தல் அசையக்கூட இல்லை.

ஒரு சனிக்கிழமை லவினா கேட்டாள். "ஆன்ட்டி, ஆமென்ல நான் எங்க மூச்சு எடுக்கட்டும்?"

"பேஸ் எறங்குற எடத்துல" என்றேன்.

அது என் இடம். இரண்டு பேரும் அங்கே சேர்ந்து நிறுத்தினால் ஆல்ட்டோ அறுந்துபோகும். அந்த ஒரு நொடியாவது ஜோவிதா இல்லை என்பது சர்ச் முழுக்கக் கேட்கட்டும் என்று நினைத்தேன். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். பயிற்சிகளில் மட்டும் வேறு இடத்தில் மூச்சு எடுத்துச் சமாளித்தேன். டிரேவருக்குச் சந்தேகமே வரவில்லை.

கேரல் சர்வீஸ் மாலையில் சர்ச் நிரம்பிவிட்டது. கடைசி பெஞ்சில், தூணோரமாக, கிளெமென்ட் அண்ணா உட்கார்ந்திருந்தார். ஜோவிதாவின் வீட்டுக்காரர். அடக்கத்துக்குப் பிறகு சர்ச் பக்கமே வராதவர். இந்த வருஷம் வீட்டு வாசலில் ஸ்டாரும் கட்டவில்லை. அவரைப் பார்த்ததும், இவராவது கேட்கட்டும் என்று இன்னும் உறுதியானேன்.

பாட்டு முடிந்து 'ஆமென்' வந்தது. நானும் லவினாவும் 'ஆ'வைப் பிடித்தோம். சோப்ரானோ ஏறியது, டெனர் சுற்றியது, பேஸ் இறங்கத் தொடங்கியது. நான் நிறுத்தினேன்.

நிறுத்தினது நான்தான்; ஆனால் முழங்கை என் பேச்சைக் கேட்கவில்லை. நினைக்கும் முன்பே அது பக்கத்தில் போய் இடித்துவிட்டது.

மூச்சு எடுக்கப்போன லவினா திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். அந்த இடிக்கு என்ன அர்த்தம் என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தந்ததில்லை. ஆனாலும் புரிந்துகொண்டாள். மூச்சு எடுக்காமல், கழுத்து நரம்பு புடைக்க, இழையாகிப்போன அந்த 'ஆ'வை விடாமல் பிடித்தாள். நான் திரும்ப வந்து சேரும்வரை பிடித்தாள். ஓட்டை விழவில்லை.

வெளியே கேக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். லவினா ஓடி வந்தாள். "நல்லவேள இடிச்சீங்க ஆன்ட்டி! இல்லன்னா ரெண்டு பேருமே விட்டிருப்போம்." அவள் கன்னத்தைத் தட்டிக் கொடுத்தேன். அவள்மேல் என்ன தப்பு?

கிளெமென்ட் அண்ணா சர்ச் கேட் அருகே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டிருந்தார். போய் நின்றேன்.

"நல்லா பாடினீங்கம்மா" என்றார். ஹெல்மெட்டைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். "சமையல் பண்ணிக்கினே அந்த ஆமென்ன பாடுவா. 'இங்க லீனா போவா, நான் புடிச்சிப்பேன்'னு சொல்லி என்ன இடிப்பா. அந்த எடம் எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு."

ஹெல்மெட்டைத் திருப்புவதை நிறுத்தினார்.

"இன்னிக்கி அங்க அறுந்துடும்னு நெனச்சேன்மா. அத கேக்கத்தான் வந்தேன்."

"நான் நிறுத்தினேண்ணா" என்றேன். அழுகை வந்துவிட்டது. "அதுக்காகவே நிறுத்தினேன். ஆனா பழக்கதோஷம், கை போயி இடிச்சிடுச்சு."

அவர் என் முழங்கையைப் பார்த்தார். பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கண்ணாடியை இறக்கினார். ஆனால் ஸ்கூட்டரைக் கிளப்பவில்லை. நானும் பக்கத்திலேயே நின்றேன்.