முன்மொழிபவர்

"இந்தத் தடவை எனக்காக நீ நட, கண்ணு. அடுத்த தடவை உனக்காக நான் நடக்கறேன்."

"நெஜமாவா?"

"வேணும்னா எழுதித் தரேன்."

"அதெல்லாம் வேண்டாம். நீ சொன்னா போதும்."

பதினாறு வருடங்களுக்கு முன்பு, ஸ்கார்பி கிராமத்தில் தங்கள் வீட்டுச் சமையலறையில் கிளிஃப் ஹெபிளும் அவன் மனைவி நோரீனும் பேசிக்கொண்டது இவ்வளவுதான். மாவட்டக் கவுன்சில் தேர்தலில் கிளிஃப் முதல்முறை நின்ற நேரம் அது. நோரீன் துண்டறிக்கைகளோடு வீடு வீடாக நடந்தாள். மழையில் நடந்தாள், சளியும் இருமலுமாக நடந்தாள். கதவிலுள்ள தபால் துவாரத்துக்குள் கையை விட்டால் உள்ளிருந்து நாய் கவ்வும். அதனால் ஒரு மரக்கரண்டியை எடுத்துப்போய், துண்டறிக்கையை அதன் முனையால் உள்ளே தள்ளிவிட்டாள். கிளிஃப் ஜெயித்தான்.

அடுத்த தடவையும் அவனே நின்றான். அதற்கடுத்த தடவையும். தேர்தல் அறிவிப்பு வரும்போதெல்லாம் நோரீன் அவன் முகத்தைப் பார்ப்பாள். அவன் அவள் கையில் கொடுக்க மரக்கரண்டியைத் தேடிக்கொண்டிருப்பான்.

கவுன்சிலர் என்று வாசலில் பெயர் அவனுக்கு. தொலைபேசி மணி அவளுக்கு. சேப்பல் சந்துக்குள் குப்பை லாரி நுழையாது, தொட்டிகளை நீங்களே மெயின் ரோட்டுக்கு இழுத்து வாருங்கள் என்று கவுன்சில் சொன்னபோது, அந்தச் சந்தில் இருந்தவர்கள் பாதிப் பேர் கைத்தடி ஊன்றி நடப்பவர்கள். வாரா வாரம் விடியற்காலையில் போய் அந்தத் தொட்டிகளை இழுத்து வைத்தவள் நோரீன். கவுன்சில் அலுவலகத்துக்கு நாள் தவறாமல் போன் போட்டு, கடைசியில் சின்ன லாரி ஒன்றை அனுப்ப வைத்தவளும் அவள்தான். கூட்டத்தில் எழுந்து அதை அறிவித்தவன் கிளிஃப். கைதட்டலும் அவனுக்கே.

இந்த மே மாதம் கிளிஃப் ஒரு படி மேலே போய், கவுண்டி கவுன்சிலுக்கு ஜெயித்தான். இரண்டு நாற்காலி எதற்கு என்று மாவட்ட இடத்தை ராஜினாமா செய்தான். இடைத்தேர்தல் வந்தது. வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கட்சியின் உள்ளூர்க் கிளை ஊர்ப் பொதுக்கூடத்தில் கூடியது.

நோரீன் நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனாள். என்னை நிறுத்துங்கள் என்று ஒருவர் தானே எழுந்து கேட்பது அங்கே வழக்கமில்லை. யாராவது அவர் பேரைச் சொல்ல வேண்டும். அவர், ஐயோ நானா என்று கொஞ்சம் கூச்சப்பட வேண்டும். பிறகு எல்லோரும் கைதூக்க வேண்டும். அந்தக் கூச்சத்தைக்கூட நோரீன் கண்ணாடி முன் பழகிப் பார்த்திருந்தாள்.

கிளிஃப் எழுந்தான். தொண்டையைச் செருமினான். "டோபி லாங்டன்" என்றான்.

போன இலையுதிர்காலத்தில் மாவட்டத்துக்குக் குடிவந்த பையன். நாடாளுமன்ற உறுப்பினர் அலுவலகத்தில் வேலை, நல்ல பல்வரிசை. வேறு யாராவது உண்டா என்று தலைவர் கேட்டார். நோரீன் எல்லோருக்கும் டீ ஊற்றப் போய்விட்டாள். ஊற்றியதில் பாதி தட்டில்தான் விழுந்தது.

ஒரு வாரம் கழித்து டோபியே அட்டைப்பெட்டிகளைக் கொண்டுவந்து நடையில் இறக்கினான். வழவழப்பான துண்டறிக்கைகள். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊர் முழுக்கப் போட்டுவிட முடியுமா, ஒவ்வொரு வீட்டு நாயையும் உங்களுக்குத் தெரியும் என்று கிளிஃப் சொன்னாரே என்றான். மரியாதையாகத்தான் கேட்டான். அவன் சட்டைப்பையிலிருந்து ஒரு மரக்கரண்டி எட்டிப் பார்த்தது. அடியில் கருகிய தழும்பு. அவளுடைய கரண்டி.

"கிளிஃப் குடுத்தாரு, மிஸஸ் ஹெபிள். அதிர்ஷ்டக் கரண்டியாமே."

"வெச்சுட்டுப் போ" என்றாள் நோரீன்.

அவன் பெட்டிகளைத்தான் சொல்கிறாளென்று நினைத்தான். அவள் கையை நீட்டியபடியே நின்றாள். கரண்டி கைக்கு வந்த பிறகுதான் கதவைச் சாத்தினாள்.

பெட்டியைப் பிரித்தாள். படத்தில் டோபி ஒரு குப்பைத் தொட்டியை விரலால் சுட்டிக்காட்டி, முகத்தைக் கவலையாக வைத்திருந்தான். கீழே: சேப்பல் சந்துக்குச் சின்ன லாரியைப் போராடிப் பெற்றுத் தந்தார் கிளிஃப் ஹெபிள், அவர் பணியை டோபி தொடர்வார். நோரீன் அதை மூன்று முறை படித்தாள். தன் பேர் எங்காவது பொடி எழுத்தில் இருக்குமோ என்று பின்பக்கமும் திருப்பிப் பார்த்தாள். தேடிய தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

ஒரு தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். மாவட்ட அலுவலகத்தில் வேட்புமனுத் தாள்களை வாங்கினாள். எந்தக் கட்சி என்று கேட்ட பெண்ணிடம், "சுயேச்சை" என்றபோது அவளுக்கே தன் குரல் புதிதாக இருந்தது. அங்கிருந்து நேரே மீன்-சிப்ஸ் கடைக்கு. கடைக்கார ஷீனா துண்டறிக்கையைப் பார்த்துவிட்டு எண்ணெய்ச் சட்டி ஓரம் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அடிப்பாவி, இது என் கடைத் தொட்டி. நான் காசு குடுத்து அள்ள வெக்கிற குப்பை. இதுக்கும் கவுன்சிலுக்கும் என்ன சம்பந்தம்?"

சிரித்து முடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, வழிமொழிபவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள். முன்மொழிபவருக்குத் தன் புருஷனைக் கூப்பிடட்டுமா, சும்மாதான் உட்கார்ந்திருக்கிறான் என்றாள். நோரீன் வேண்டாமென்றாள். அந்த இடத்துக்கு ஆள் இருக்கிறது என்றாள்.  ஷீனா சிப்ஸ் கட்டிக் கொடுத்தாள்.

மாலையில் கிளிஃப் கழுத்தில் அடையாள அட்டையோடு வந்தான். பெட்டிகள் அப்படியே இருப்பதைப் பார்த்து, மழை வருமுன் ஒரு தெருவாவது முடித்திருக்கலாமே என்றான். சமையலறைக்குள் வந்தவன் மேஜை மேலிருந்த மனுவைப் பார்த்தான். நின்றபடியே படித்தான். பிறகு உட்கார்ந்தான்.

"என்ன கண்ணு இது?"

"எழுத்துக் கூட்டிப் படி."

"உனக்கு நிக்கணும்னு இருந்தா அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. உனக்கு இதெல்லாம் புடிக்காதுன்னு நெனச்சேன்."

"புடிக்காமத்தான் பதினாறு வருஷம் நடந்தேனா?"

"நீ எனக்காக நடந்தேன்னு நெனச்சேன்."

அந்தப் பதில் அவளைச் சுட்டது, அதில் பாதி உண்மை இருந்ததால். அவனுக்காகவும்தான் நடந்தாள். அதனால் கோபம் குறையவில்லை, ஏறியது. சேப்பல் சந்தில் எத்தனை தொட்டி என்று உனக்குத் தெரியுமா என்று கேட்டாள். அவனுக்குத் தெரியவில்லை. அடுப்பங்கரையில் கிடந்த கரண்டியை எடுத்து மேஜை மேல் வைத்தாள். இதைத் தூக்கி டோபியிடம் கொடுக்க உனக்கு எப்படி மனசு வந்தது என்று கேட்டாள். கிளிஃப் கரண்டியைப் பார்த்தான். அது வெறும் கரண்டிதானே என்று சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான்.

மறுபடி தாளைப் பார்த்தான்.

"முன்மொழியற எடம் காலியா இருக்கே. நாளைக்கு நாலு மணியோட மனு முடியுதே. ஷீனா புருஷன் போடமாட்டானா?"

"போடுவான்."

"அப்புறம் என்ன?"

அவள் பேனாவை எடுத்துத் தாளின் பக்கத்தில் வைத்தாள். அவனுக்கு மெல்லப் புரிந்தது. நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான்.

"நோரீன். இதுல நான் கையெழுத்துப் போட்டா கட்சியிலேர்ந்து தூக்கிருவாங்க. நேத்துதான் ஜெயிச்ச மாதிரி இருக்கு. முப்பது வருஷக் கட்சி."

"தெரியும்."

"தெரிஞ்சுமா கேக்கறே?"

"நான் இன்னும் கேக்கவே இல்லை."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று அவளுக்கு உறைத்தது. ஒவ்வொரு தேர்தலிலும் முகத்தைப் பார்த்தாள், காத்திருந்தாள், டீ ஊற்றினாள். வாயைத் திறந்து ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்டு வாங்கினால் அதற்கு மதிப்பில்லை என்று யாரோ சொல்லிக் கொடுத்ததை நம்பி, இத்தனை வருடம் கோட்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சிப்ஸ் பொட்டலத்தை ஒதுக்கிவிட்டு, பேனாவின் மூடியைக் கழற்றி அவன் பக்கம் நகர்த்தினாள்.  

"இப்ப கேக்கறேன், கிளிஃப். என் பேரை நீ சொல்லு."