ஆபேல் இருந்த பெட்டிகள்

தாம்பரத்தில் தண்டவாளம் தாண்டும்போது மின்சார ரயிலில் அடிபட்டுச் செத்து இருபத்தைந்து வருஷமான ஆபேல், படப்பை சாலையில் மோகன்ராஜின் காயலாங்கடைக்கு உடைக்க வந்த ஒரு பென்டியம் கம்ப்யூட்டருக்குள்ளிருந்து இருமினான். உடைக்கிற வேலையில் இருந்தவள் அவன் அம்மா ஞானம்மாள். பிளக் சொருகாத பெட்டி. பீடி பழகிய புதிதில் இருமுவானே, அதே இருமல். "மொதலாளி, இத்த மட்டும் வுட்டுடலாமா? உள்ள எம்புள்ள கீறான்" என்றாள். மோகன்ராஜ் காதை வைத்துக் கேட்டார். "கீறான்தான். ஆனா எடை போட்டாச்சேக்கா, சாயங்காலம் லாரி வந்துடும்." அவள் அழுதுகொண்டே திருகாணிகளைக் கழற்றினாள்.

அந்த வருஷம் பெட்டிகள் பின்னோக்கித்தான் வந்தன. பென்டியம் தீர்ந்து அதற்கு முந்தின 486 ரகம் வந்தபோது ஆபேலுக்குக் குரல் உடைந்துகொண்டிருந்தது. பிறகு அகலமான பிளாப்பி நுழைக்கிற, பச்சை எழுத்து மட்டும் காட்டுகிற பெட்டிகள். அவற்றில் ஞாயிறு பள்ளிப் பாட்டைத் தப்பாகப் பாடினான். அதற்கும் முந்தியவை, டிவியில் மாட்டி, டேப் ரெக்கார்டர் கேசட்டிலிருந்து புரோகிராம் ஏற்றுகிறவை. அவற்றுக்குள் பல் முளைக்கிற காய்ச்சலில் சிணுங்கினான். எல்லாவற்றையும் அவளே உடைத்தாள், வேறொருத்தர் கை பட விடவில்லை. "யக்கா, உம்புள்ள வர வர சின்னவனாய்க்கினே போறானே, இப்டியே போனா?" என்றாள் கூட வேலை செய்த மஹாலட்சுமி. ஞானம்மாளுக்கும் அந்தக் கணக்கு தெரிந்துதான் இருந்தது. அடுத்த திருகாணியில் ஸ்குரூ டிரைவரை வைத்தாள்.

ஐப்பசி மழையில் ஒரு பெட்டி வந்தது. திரை இல்லை, கீபோர்டு இல்லை. முன்பக்கம் வரிசையாகச் சுவிட்சுகள், மேலே குட்டிக்குட்டி சிவப்பு விளக்குகள். மனுஷன் சொந்தமாக வாங்கி வீட்டில் வைத்துக்கொண்ட முதல் கம்ப்யூட்டர்கள் இந்த மாதிரிதான் இருந்தன, இதற்கு முன்னால் ஒன்றும் கிடையாது என்றார் மோகன்ராஜ். சத்தமே வரவில்லை. ஞானம்மாள் மடியில் எடுத்து வைத்தாள். பெட்டி உள்ளிருந்து அவள் வயிற்றில் உதைத்தது.

சுத்தியலைக் கீழே போட்டுவிட்டாள். "கூலி வாணாம் மொதலாளி. இத்தயும் ஒடச்சா அவன் எங்கயுமே இல்ல." மோகன்ராஜ் தராசைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். "சர்தான், எத்துகினு போ. நனயாம போ."

தாம்பரம் பஸ்ஸில் நிற்க இடமில்லை. இடுப்பில் அணைத்திருந்த பெட்டியில் விளக்குகள் மினுங்குவதைக் கண்டக்டர் பார்த்தார். "இன்னாப்பா, புள்ளத்தாச்சி நிக்கிது, கண்ணு தெரில?" என்று ஒரு காலேஜ் பையனை எழுப்பிவிட்டார். எழுபதை நெருங்கிய ஞானம்மாள் உட்கார்ந்துகொண்டாள்.

பத்து மாதம் ஆயிற்று, இரண்டு வருஷமும் ஆயிற்று. செம்பாக்கம் ஏரிப் பக்கம் அவள் வீட்டில் பெட்டி இன்னும் உதைக்கிறது. வெளியே வந்தால் வளருவான், நடப்பான், ஒருநாள் தண்டவாளமும் தாண்டுவான். அதனால் அவள் ஒரு சுவிட்சையும் தொடுவதில்லை. ஜெபத்துக்கு வருகிற எப்சி டீச்சர், "இன்னும் ஆகலையா ஞானம்மா?" என்று கேட்பார். "இன்னா அவசரம் டீச்சர்? உள்ளயே இருக்கட்டும்" என்பாள். டீச்சர் பெட்டிமேல் கையை வைத்து, "நல்லா உதைக்கிறான்" என்று சொல்லிவிட்டு டீயை எடுத்துக்கொள்வார்.